தெருமுனையில் அவர் முகம்

எங்க தெருவுக்கு வந்த சனியன் அந்த சிக்னல்தான். துறையூர் ரோட்டுல அதைப் போட்டதுலேர்ந்து, அங்க நிக்கப் பொறுமை இல்லாத அத்தனை பேரும் எங்க தெருவுக்குள்ள புகுந்து அந்தப் பக்கமா வெளியேற ஆரம்பிச்சாங்க. பைக்கு, காரு, காலேஜ் வேன், சில சமயம் ஜல்லி லாரி கூட. எதிரும் புதிருமா வூடுங்க இருக்கிற குறுகலான தெரு. கோலம் போடக் குனிஞ்சா முதுகை உரசுற மாதிரி போவானுங்க. பெரம்பலூருக்கு ரயிலு ஒண்ணுதான் இல்ல, மத்த எல்லாம் எங்க வாசல் வழியாத்தான் போச்சு.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். சாயங்காலமானா பழைய விசிலை எடுத்துக்கிட்டு வாசல்ல போய் நிப்பார். ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கணும், அது அவருக்கு வேதம். இவர் அடிப்பார், எவனும் நிக்க மாட்டான். இது என்ன உங்க பஸ்ஸா, உள்ள வாங்க, மானம் போகுதுன்னு நான் கத்துவேன். நான் மீன்சுருட்டிப் பக்கத்துக்காரி, எங்க ஊருத் தொண்டை அப்படி. விசிலுக்குப் பதிலா உன்னைய நிறுத்துனா லாரியே நின்னுடும்னு சிரிப்பார். வேகத்தடை கேட்டு, திங்கக்கிழமையானா கலெக்டர் ஆபீசுக்கு மனுவோட கிளம்பிடுவார். பாக்கிறோம்னாங்க. பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க.

ஒரு நாள் காலையில பால் பாக்கெட் வாங்கப் போனவரைத் தெருமுனையில ஒரு பைக்குக்காரன் அடிச்சுத் தூக்கிட்டான். அவனும் வேலைக்கு நேரமாச்சுன்னு குறுக்கு வழியில வந்தவன்தான். ஆம்புலன்ஸ் திருச்சிக்குப் பறந்துச்சு. வழியில பாடாலூரைக் கூடத் தாண்டல, உசுரு போயிடுச்சு. அவர் கையைப் புடிச்சிக்கிட்டு நான்தான் கூட இருந்தேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத என்னால ஆகாது.

எங்க ஊரு வழக்கப்படி அன்னைக்கு மத்தியானமே தெருமுனையில கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிட்டாங்க. எங்க பொண்ணு கல்யாணத்துல எடுத்த படம். பட்டுச் சட்டை, நெத்தியில சந்தனம், வாயெல்லாம் பல்லு. கருமாதி முடிஞ்சதும் அவுத்துடுவாங்க, அதுதான் முறை. ஆனா கருமாதி முடிஞ்ச மறுநாள் எதிர்வூட்டு மளிகைக்கடைத் தம்பி வந்து, தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னுச்சு. என்னப்பான்னேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மாமா பேனரு அப்படியே இருக்கட்டும். அதைப் பாத்துட்டு வண்டியெல்லாம் மெதுவாப் போவுது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த மனுசன் உசுரோட நின்னு விசில் அடிச்சப்ப நிக்காதவன், செத்தப்பறம் படத்தைப் பாத்துட்டு நிக்கிறானாம். என்ன ஊருய்யா இதுன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டேன். ஆனா அந்தத் தம்பி சொன்னது பொய்யில்ல. ஜன்னல்ல நின்னு பாத்தேன். உறுமிக்கிட்டு வர்றவன் பேனரைப் பாத்ததும் பிரேக்கைப் புடிக்கிறான். ஒரு வண்டியில பின்னால உக்காந்திருந்த பொம்பளை படத்தைப் பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போச்சு. தெருப் புள்ளைங்க மறுபடியும் வெளிய வந்து வெளையாடுச்சுங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னுட்டேன்.

சொல்லிட்டேனே தவிர, அதோட குடித்தனம் பண்றது லேசா? தண்ணி தெளிக்க வந்தா அவர் சிரிக்கிறார். காய் வாங்கப் போனா சிரிக்கிறார். தலைக்கு மேல தோற்றம், மறைவுன்னு போட்டிருக்கு. வெயில்ல முதல்ல சட்டை வெளுத்துச்சு, அப்புறம் மீசை, அப்புறம் கண்ணு. வண்டிங்களும் பழையபடி வேகம் எடுக்க ஆரம்பிச்சுது.

தெருக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம புது பேனர் அடிச்சுக் கட்டிட்டாங்க. முன்னதை விடப் பெருசு. பேனர் அடிச்ச கடைக்காரன் அவர் முகத்தை வெள்ளையாக்கி, கன்னத்துச் சுருக்கத்தை எல்லாம் எடுத்து, யாரோ மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டான். அன்னைக்குத் தெருவே கூடுற அளவுக்கு ஆடிட்டேன். எம் புருசன் என்ன வயக்காட்டுப் பொம்மையா, வெளுத்துப்போனா வேற மாத்துறதுக்குன்னு கேட்டேன். மளிகைக்கடைத் தம்பி தன் பொண்ணைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. நாலு வயசுப் புள்ள அது. இந்தத் தெருவுலதானே அதுவும் வெளையாடுதுன்னு நினைச்சதும் நான் உள்ள போயிட்டேன். பேனர் இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் நிமிர்ந்து பாக்கிறதை விட்டுட்டேன்.

மழைக்காலம் முடிஞ்சப்புறம் ஒருவழியா நகராட்சி ஆளுங்க தாரோட வந்தாங்க. தெருமுனையில ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு வேகத்தடை போட்டு வெள்ளைக் கோடும் அடிச்சாங்க. அவர் கேட்டுக்கிட்டே இருந்தது, அவர் இல்லாதப்ப வந்துச்சு. சாயங்காலம் தம்பி ஏணியோட வந்து, அக்கா, இனிமே தேவையில்ல, அவுத்துடவான்னு கேட்டுச்சு.

இதுக்குத்தானே நான் அந்த ஆட்டம் ஆடினேன். ஆனா அவுத்துடுன்னு சொல்லாம ஏணியைப் புடிச்சு நிறுத்திட்டேன். ஏன்னு எனக்கே அப்பத்தான் வெளங்குச்சு. இத்தனை மாசமா இந்த வழியாப் போன ஊரு பேரு தெரியாத சனமெல்லாம் எம் புருசனுக்காக ஒரு நிமிசம் வேகத்தைக் கொறைச்சுச்சு. முகத்தைப் பாத்துச்சு. பாவம்னுச்சு.

"அவுத்துடுப்பா"ன்னேன்.

நாலு கயிறு, அறுத்ததும் சரிஞ்சு கீழ விழுந்துச்சு. தம்பி அதைச் சுருட்டி எங்க வூட்டுக்குள்ள சாய்ச்சு வெச்சுட்டுப் போச்சு. நான் வாசல்லயே நின்னேன். ஒரு பைக்கு வந்துச்சு. தெருமுனையில வேகத்தைக் கொறைச்சான், ஏறி இறங்குனான். தடையைத்தான் பாத்தான். தலையைத் தூக்கல.