தாளில் இல்லாத கேள்வி

குழந்தை பிறந்த இருபத்தோராம் நாள் காலையில் நான் ஒரே குடத்துத் தண்ணீரை ஏழு தடவை வடிகட்டினேன். என் நோய்க்கு முதல் அடையாளம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நாங்கள் ஜைனர்கள். நான் மேல்சித்தாமூரில் பிறந்து, செஞ்சி பஜாரில் தானியக்கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். துணியில் வடிகட்டாமல் தண்ணீரை வாயில் வைக்க மாட்டோம். துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் திரும்பக் கிணற்றிலேயே அலசி விடுவோம். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. ஆனால் வடிகட்டுவது ஒரு தடவைதான். ஏழு தடவை இல்லை.

அம்மா இல்லாத பெண் என்பதால் எனக்குப் பிரசவம் செஞ்சியிலேயே நடந்தது. அனந்தபுரத்திலிருந்து நாத்தனார் வந்து, இருபது நாள் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, தங்கள் வயலில் நெல் அறுப்பு என்று கிளம்பிப் போனார். மறுநாள்தான் அந்த இருபத்தோராம் நாள். மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர், குழந்தை குளிக்காமல் அழுதுகொண்டு கிடப்பதையும், நான் கிணற்றடியில் துணியும் குடமுமாக நிற்பதையும் பார்த்தார்.

"இன்னா பத்மா, இன்னும் ஆவலியா?"

"ஆயிடும்" என்றேன். ஆகவில்லை.

அப்புறம் தூக்கம் போனது. பேச்சும் போனது. குழந்தையை யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உள்ளூர் டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடைசியில் மெட்ராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேறுகால மனநோய் (பிள்ளை பெற்ற சில வாரங்களில் வரும் மனக்கலக்கம்) என்றார் அங்கிருந்த டாக்டர். நாத்தனார் குழந்தையை அனந்தபுரத்துக்குத் தூக்கிப்போய்ப் பசும்பால் புகட்டினார். என் பால் மார்பில் கட்டி, நொந்து, பதினைந்து நாளில் வற்றிப்போனது.

மின்சிகிச்சை (நெற்றியின் இரு பக்கமும் மின்சாரம் வைத்துச் சிறு வலிப்பை வரவழைப்பது) ஆறு தடவை கொடுத்தார்கள். தூக்கமும் பேச்சும் திரும்பின. பதிலுக்கு, குழந்தை பிறந்த நாள் என் ஞாபகத்திலிருந்து போய்விட்டது. இன்றுவரை வரவில்லை. என் வீட்டுக்காரர் சொல்லித்தான் அதைக் கேட்டுக்கொள்கிறேன். மனுஷன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

தேறிவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தபோது டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். "மனச் சோதனை ஒண்ணு இருக்கு. அது சரியா வந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். குழந்தையையும் அப்பத்தான் கையில தருவேன்."

சோதனை வைக்க ஒரு இளம்பெண் வந்தார். எல்லாரும் டாக்டரம்மா என்போம். "நான் டாக்டர் இல்லைம்மா, மனசை அளக்கறது மட்டும்தான் என் வேலை" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். கையில் ஒரு கட்டுத் தாள். வேறு ஏதோ தேசத்தில் எழுதிய கேள்விகளை யாரோ தமிழில் பெயர்த்தது. ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும்.

தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் குடிக்க அச்சமா? ஆமாம். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு சாப்பிட மறுப்பீர்களா? ஆமாம். தெரியாமல் ஏதாவது உயிருக்குத் தீங்கு செய்துவிட்டோமோ என்று தினமும் நினைப்பீர்களா? காலையும் மாலையும் கண்ணை மூடி, தெரிந்தும் தெரியாமலும் செய்த கெடுதலை எல்லா உயிரும் மன்னிக்கணும் என்று சொல்லி வளர்ந்தவள் நான். வேறு என்ன சொல்வேன்? ஆமாம்.

குழந்தைமேல் பாசம் உண்டா என்றும் ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதான்.

சோதனையில் தோற்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வைத்தார்கள். மறுபடியும் தோற்றேன். இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியின் ராத்திரிச் சாப்பாடு விளக்கு ஏற்றின பிறகுதான் வரும். நான் திருப்பி அனுப்புவேன். 'உணவை மறுக்கிறாள்' என்று நர்ஸ் எழுதி வைப்பார். என் ஜாதகத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸில் கிளம்பி வருவார். நான் இரண்டாம் தடவை தோற்ற வாரம் சோதனைக்கார அம்மாவிடமே நேராகப் போய் நின்றார்.

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்திருக்குங்க" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் வருத்தத்தோடு. "சோதனைக்கு நம்பகத்தன்மை (எத்தனை தடவை வைத்தாலும் ஒரே விடை தருவது) இருக்குன்னு அர்த்தம்."

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். யோசித்துத்தான் சொன்னார். "எங்க கடையில ஒரு பழைய படி இருக்குதும்மா. லிட்டர் வந்த பொறவு மூலையில போட்டுட்டோம். அதுக்கு அடி நசுங்கிப் பூட்டுது. பத்து வாட்டி அளந்தாலும் பத்து வாட்டியும் ஒரே அளவுதான் காட்டும். ஆனா அது ஒரு படி இல்ல."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தாள எனக்கும் ஒரு வாட்டி வைங்க" என்றார் இவர்.

வைத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் ஆமாம் சொன்ன இடத்திலெல்லாம் அவரும் ஆமாம் சொன்னார், நான் இல்லை என்ற இரண்டு மூன்று இடத்திலும் சொன்னார். கூட்டிப் பார்த்தால் என்னைவிட அவருக்குத்தான் நோய் முற்றியிருந்தது. "அப்ப ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல கட்டில் போட்டுடுங்க" என்றார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை வாரத்தில் நானும் அன்றுதான் சிரித்தேன்.

"தப்பு எங்களோடதுதான்" என்றார் அந்த அம்மா. "இது உங்க வழக்கத்தை அளந்திருக்கு, நோயை இல்லை. இந்தச் சோதனைக்கு உங்ககிட்ட ஏற்புடைமை (எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்பது) கிடையாது." டாக்டரிடம் அப்படியே எழுதிக் கொடுத்தார். தன் வேலையைத் தானே குறை சொல்லி எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவானது.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். உங்களில் யாராவது இப்போது அப்படி ஒரு தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், உங்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் குழந்தையோடு வந்தார். மூன்று மாதத்தில் கன்னம் வைத்திருந்தது. யாரைப் பார்த்தாலும் சிரித்தது. என் வீட்டுக்காரர் என் டிரங்குப்பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டே, "வாங்கிக்கோ பத்மா" என்றார். நாத்தனார் நீட்டினார். என் கை எழவில்லை.

"எங்கிட்ட குடுக்காதீங்க" என்றேன்.

அவர் பெட்டியை விட்டுவிட்டு வந்து என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.  பிறகு, அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அன்னிக்கு எத்தினி வாட்டி வடிகட்டுன?"

"ஏழு."

"நான் ஒரு வாட்டி வடிகட்டுறவன். நீ ஏழு வாட்டி. ரெண்டு பேரும் ஆமான்னு சொல்லிட்டோம். ஏன் பத்மா?"

அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "பாப்பாவ தண்ணியில முக்கிடுவேனோன்னு பயம். என் கையே அத செஞ்சிடும்னு பயம். வடிகட்டிக்கிட்டே இருந்தா குளிப்பாட்ட வேணாம் இல்ல?"

சொன்ன மாத்திரத்தில் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இனி குழந்தையை என் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி நாளா இத வச்சிக்கினா இருந்த" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அந்தக் கோபத்தில் இருந்த பாசத்தை நான் மறக்க மாட்டேன்.

டாக்டரும் சோதனைக்கார அம்மாவும் வந்து கேட்டார்கள். நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. "செஞ்சிடுவோமோன்னு இப்படிப் பயந்து நடுங்கறதும், செய்யணும்னு நினைக்கறதும் வேற வேறம்மா" என்றார் டாக்டர். "இது வழிமறிக்கும் எண்ணம் (நாம் வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வரும் நினைப்பு). உன்கிட்ட நாங்கதான் சரியாக் கேக்கல." நான் வீட்டுக்குப் போவது தள்ளிப்போனது. ஆனால் குழந்தை தினமும் காலையில் என்னிடம் வந்தது. அதற்காகவே நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்.

அதன்பிறகு தாள் இல்லை. நாத்தனார் குளிப்பாட்டுவார், நான் சொம்பில் தண்ணீர் மட்டும் ஊற்றுவேன். சோதனைக்கார அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் பாதத்துக்குப் பயத்தமாவு தேய்த்தேன். அதற்கடுத்த வாரம் முதுகு. ஒரு நாள் நாத்தனார் துண்டு எடுக்க எழுந்துபோய்த் திரும்பி வரவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. என் முழங்காலில் குழந்தை குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் என் கை இருந்தது. கை ஒன்றும் செய்துவிடவில்லை. அது குளிப்பாட்டிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அவளுக்கு நாலு வயது. அந்த எண்ணம் அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. எப்போதாவது தெருவில் போகிறவன் எட்டிப் பார்ப்பது போல எட்டிப் பார்க்கும். என் உடம்பில் நான் அதிகம் பழகிய இடம் இந்த இரண்டு கைகள்தான். மற்றவர்களுக்குக் கை என்பது இருக்கும் இடம் தெரியாமல் இருக்கும். எனக்குத் தெரியும். ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் நான் மணி பார்த்துக் கணக்கு வைப்பதில்லை. காலையில் கிணற்றடியில் ஒரு தடவை வடிகட்டி, துணியைக் கிணற்றில் அலசிவிட்டதும் கை நிற்கும். இரண்டாம் தடவைக்கு அதுவாக எழப் பார்க்கும். எழும் கைக்கும் நிற்கும் கைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் தொடங்குகிறது.

இன்று காலையிலும் அப்படி நின்றேன். துவைகல்மேல் உட்கார்ந்து, தலையெல்லாம் சீயக்காயோடு கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த என் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா பண்ற, கண்ணு எரியுது. ஊத்து."

ஊற்றினேன்.