குளோரின் காற்றைவிடக் கனமானது

மதியம் மூன்று மணிக்கு அடித்த அந்தத் தொலைபேசியை எடுத்தது நான்தான். தண்ணீரைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண்மணி பேசினார். அண்ணியின் விண்ணப்பம் பிடித்திருக்கிறது, திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். அண்ணி அப்போது மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். “சொல்லிடறேன் மேடம்” என்று ரிசீவரை வைத்தேன். சொல்லவில்லை.

தாத்தாவின் அரசு வேலை காரணமாகப் பெங்களூருக்கு வந்து, லிங்கராஜபுரத்தில் வீடு கட்டித் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அண்ணி குடியாத்தத்திலிருந்து மணமாகி வந்தவர். வேதியியல் பட்டப்படிப்பில் அவர் கல்லூரியிலேயே முதலாவது. “வேலைக்குப் போகட்டும், எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல” என்று சம்பந்தம் பேசும்போது அம்மா சொன்னதை நானும் கேட்டேன். வந்த பிறகு, ஆடி கழியட்டும் என்றார்கள். அப்புறம் பாப்பா கல்யாணம் முடியட்டும் என்றார்கள். பாப்பா என்பது நான். யாரும் அண்ணியைப் பூட்டி வைக்கவில்லை. வாசல் கதவு பகலெல்லாம் திறந்தேதான் கிடந்தது. ஆனால் அவருடைய நாளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வேலை காத்திருந்தது. அவர் வெளியே போனால் அந்த வேலைகளில் பாதி என் தலையில் விழும். நான் அழைப்பை மறைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லிக்கொள்ள இத்தனை வருடங்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணியின் படிப்பு சமையலறையில் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். “போர் தண்ணில கால்சியம் ஜாஸ்தி அத்தை, அதான் பருப்பு வேக லேட்டாகுது” என்பார். “இத்தனை வருஷமா வெந்துட்டுதானே இருக்கு?” என்பார் அம்மா. அண்ணி சிரித்துக்கொண்டே குக்கரை மூடுவார். அந்தச் சிரிப்பு வர வரக் குறைந்துகொண்டே போனதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

அழைப்பு வந்து மூன்று மாதம் கழித்து, ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணி காலையிலிருந்து அடுப்படியில் நின்றார். குளியலறையைக் கழுவும் வேலை எனக்கு. ஈரத்தில் ஊதியிருந்த கதவை ஓங்கித் தள்ளிச் சாத்திவிட்டுத் தரையெங்கும் பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். கறை போகவில்லை. மூலையில் இருந்த ஆசிட் பாட்டிலை எடுத்து அதன் மேலேயே ஊற்றினேன். தரை நுரைத்துச் சீறியது. மஞ்சளும் பச்சையும் கலந்த புகை எழுந்து என் முழங்காலைச் சுற்றிப் பரவியது. கண்கள் எரிந்தன, தொண்டை இறுகியது. கதவை இழுத்தேன், அசையவில்லை. கத்த வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது.

அம்மா வெளியிலிருந்து, “கீழ உக்காரு பாப்பா, தரையோட தலையை வச்சுக்கோ!” என்று அலறினார். தீ விபத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியும். உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கதவை உதைத்துக்கொண்டிருந்தான்.

கதவின் அடியிடுக்கு வழியாக அந்த வாடை அண்ணிக்கு எட்டியிருக்கிறது. அவர் கதவருகே நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்கு ஓடினார். வெண்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகள் ஒவ்வொன்றாக உருவப்படும் சத்தம் கேட்டது.

“பாப்பா, உக்காராத! எழுந்திரு! அது குளோரின். காத்தைவிட கனம், கீழதான் தங்கும். பக்கெட்டைக் கவுத்துப் போட்டு மேல ஏறு!”

ஏறினேன். “டவலை நனைச்சு மூக்குல வையி. மூஞ்சிய இந்தப் பக்கம் கொண்டா.” கண்ணாடி கிழித்து ரத்தம் வடிந்த அவருடைய கை இடைவெளி வழியாக வந்து என் தாடையைப் பிடித்து வெளிக்காற்றை நோக்கித் திருப்பியது. குளோரின் காற்றைவிடக் கனமானது: பள்ளித் தேர்வில் நான் அதை எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மனப்பாடமாகத் தெரிந்த அந்த வரியை வைத்துக்கொண்டுதான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். “ஹிந்தே சரியம்மா, ஹிந்தே சரி!” என்று கன்னடத்தில் என்னை விலகச் சொல்லிவிட்டுக் கதவை நெம்பினார். “மூச்சை அடக்கிட்டு ஒரே ஓட்டமா வெளிய போ” என்றார் அண்ணி. போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எல்லாவற்றையும் அண்ணிதான் விளக்கினார். “உட்கார்ந்தே இருந்திருந்தா நிலைமை வேற” என்றார் டாக்டர். மறுநாள் காலை, கையில் கட்டோடு அண்ணி எனக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது, தாங்க முடியாமல் அந்தத் தொலைபேசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கிண்ணத்தை மூடி வைத்தார்.

“மூணு மாசம், துணி காயப்போடப் போனாக்கூட போன் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன் பாப்பா” என்றார். “என் படிப்பு யாருக்கும் வேண்டாம் போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னேன். “இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்றார் அம்மா. ஆய்வுக்கூடத்தில் அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டிருந்தார்கள். மறு வருடம், இந்தத் தடவை யாரிடமும் அனுமதி கேட்காமல், அண்ணி ஒரு சிறிய பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்தார். வீட்டு வேலை மட்டும் குறையவில்லை. இன்றும் நாலரை மணிக்கு எழுந்து எல்லோருக்கும் சமைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். தன் மாணவர்களை வீட்டுக் குளியலறையிலும் சமையலறையிலும் உள்ள பாட்டில்களின் லேபிள்களை எழுதி வரச் சொல்கிறார். எதை எதனோடு சேர்க்கக்கூடாது என்று அவர்களையே வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல வைக்கிறார். வாயுவின் பெயரை மட்டும் எழுதினால் அவரிடம் மதிப்பெண் கிடையாது. அந்த அறையில் நீ இருந்தால் எங்கே நிற்பாய் என்பதையும் எழுத வேண்டும்.

போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

“என்னை மன்னிச்சிட்டீங்களா அண்ணி?”

சிவப்புப் பேனா நின்றது. “உன்னை அன்னிக்குக் காப்பாத்தினதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல” என்றார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத தன் குரலில் சொன்னார்:

“அது வேற, இது வேற பாப்பா. மன்னிக்கல.”