ஏணியின் இடுப்பு வலி

அந்தப் பெயின்டரை வேலையிடத்தில் எல்லோரும் ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். மற்றவர்கள் ஸ்டூல் தேடும் இடத்தில் அவர் கையை நீட்டினாலே போதும். ஒருநாள் பெயின்ட் வாளியைத் தூக்கியபோது இடுப்பில் சுரீர் என்றது. தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார். வருஷம் ஓடியும் வலி போகவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “டிஸ்க் தேஞ்சிருக்கு. இனிமே பார்த்து நடந்துக்கங்க” என்றார்.

அந்தத் ‘தேஞ்சிருக்கு’ காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து பீங்கான் சாமானைத் தூக்கிப் போகிறவர் மாதிரி தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். செருப்பு மாட்டக்கூடக் குனியமாட்டார். மகள்தான் மாட்டிவிட வேண்டும். வேலையிடத்தில் ஏணியில் ஏறுவதையே விட்டுவிட்டார்; கீழே நின்று கலர் கலக்குவதோடு சரி. “நம்ம ஏணிக்கு ஏணின்னாலே ஆகாதுப்பா” என்று கூட்டாளிகள் சிரித்தபோது அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவி பிடிவாதம் பிடித்து வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “வலியே இல்லாதவங்களுக்கும் இந்த வயசுல படம் இப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க, எல்லாம் டென்ஷன்தான்” என்றார். நல்ல சேதிதான். ஆனால் ஏணியின் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும். தெருவுக்கு வந்ததும் வெடித்தார்.

“அப்போ நான் நடிக்கிறேனா?”

“அவர் அப்படிச் சொல்லலையேங்க.”

“வேற எப்படிச் சொல்லணும்?”

வலி இன்னும் கூடியது. முனகக் கூச்சமாக இருந்தது; முனகாமல் இருந்தால் வலி இருப்பதை யார் நம்புவார்கள்?

மூன்றாவதாகப் பார்த்தது ஒரு பிசியோதெரபி அம்மாவை. அந்த அம்மா படத்தைக் கையிலேயே வாங்கவில்லை. “வலி வந்ததுலேருந்து எதையெல்லாம் விட்டுட்டீங்க?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. ஏணி சொல்ல ஆரம்பித்தார். செருப்பு விஷயத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் முடிக்கும்வரை அந்த அம்மா குறுக்கே பேசவில்லை.

“உங்க வலி நிஜம்” என்றார் பிறகு. “சில கார் மேல பூனை குதிச்சாலே திருட்டு அலாரம் அலறும், பார்த்திருக்கீங்களா? சத்தம் பொய்யில்ல. ஆனா திருடனும் வரல. உங்க நரம்பும் அப்படி ரொம்ப உஷாராயிடுச்சு.”

“அப்போ தேஞ்சது?”

“தலைமுடி நரைக்கிற மாதிரிதான். நரைச்ச முடி வலிக்குதா என்ன?”

“எனக்கு நம்பிக்கையில்ல” என்றுதான் வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் மறுநாள் காலையில், யாரும் பார்க்காத நேரத்தில், தானே குனிந்து செருப்பு மாட்டினார். வலித்தது. எதுவும் ஒடிந்துவிடவில்லை. அப்புறம் வேலையிடத்தில் மெல்ல மெல்ல ஏணிப் படிகளில் ஏறினார். வலி முழுசாகப் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டே மேலே ஏறிப் பழகினார்.

இதற்குள் அவர் மச்சானுக்குக் கழுத்து வலி. மனைவியின் தம்பி, வாடகை வண்டி ஓட்டுகிறவன். அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவனிடம் ஏணி உற்சாகமாகக் கார் கதையை எடுத்துவிட்டார். அவன் முகம் சிவந்தது.

“என் கழுத்துல ஒண்ணுமே இல்லேங்கறீங்களா மாமா? நீங்களுமா?”

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

“அந்த அம்மா முதல்ல உங்க பேச்சைக் கேட்டாங்க. நீங்க எடுத்த எடுப்பிலேயே ஆரம்பிச்சிட்டீங்க” என்றாள் மனைவி.

மறுவாரம் மச்சானைச் சமாதானப்படுத்தி அதே அம்மாவிடம் அழைத்துப் போனார். காரும் பூனையும் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார். வரவே இல்லை. கழுத்து எலும்பு ஏதோ நகர்ந்துவிட்டது, திருப்பினால் கைகால் விழுந்துவிடும் என்ற பயத்தில், பின்பக்கம் வண்டி எடுப்பதையே மச்சான் விட்டிருந்தான். அதைக் கேட்டதும் அந்த அம்மா அவன் கழுத்தை நிதானமாகச் சோதித்தார். பிறகு பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கழுத்தெலும்பு மாதிரியை அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு மூட்டும் எப்படிக் கோத்திருக்கிறது என்று தொட்டுக் காட்டினார். “இது அவ்வளவு லேசுல நகராதுப்பா. இழுத்துப் பாரு.”

அவன் இழுத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். ஏணிக்கு நாக்கு துறுதுறுவென்றது. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டார்.

வெளியே நெருக்கமான சந்தில் வண்டி நின்றிருந்தது. முன்னால் வழியில்லை. மச்சான் சாவியைத் திருகி, ரிவர்ஸ் கியர் போட்டான். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான்.