கிழக்குக் கரையின் படலை

ஆலடிக்குளத்துக் கிழக்குக் கரையில் பேச்சியம்மாவைத் தெரியாதவர் இல்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தின் பின், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுக் கணவரோடும் கைக்குழந்தையோடும் வவுனியா நகரின் விளிம்பிலுள்ள அக்கரைக்கு வந்து சேர்ந்தவர் அவர். பற்றைக்காட்டை வெட்டிக் குடிசை போட்டார். பிறர் வயல்களில் களை பிடுங்கினார், கதிர் அறுத்தார். சில ஆண்டுகளில் குளத்தின் கீழே குத்தகைக்கு நிலம் எடுத்துத் தாமே விதைத்தார். எவரையும் அதட்டுவார், அதட்டிய கையோடு தேநீரும் ஊற்றிக் கொடுப்பார்.

அவர் மாதர் சங்கம் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கிடாரம். செத்த வீடானாலும் பூப்படைந்த பிள்ளையின் சாமத்திய வீடானாலும் பெரிய பாத்திரத்துக்கு மேற்குக் கரையில் போய் இரவல் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அப்படி நிற்பது பேச்சியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும்படி வீடு வீடாகச் சொன்னார். அவ்வரிசியை விற்றுக் கிடாரம் வாங்கினார்கள். கிடாரத்தைத் தொடர்ந்து ஒரு பாலர் பாடசாலைக் கொட்டிலும் எழுந்தது. சங்கம் என்றால் என்னவென்று கரை முழுவதும் அறிந்துகொண்டது.

1997ஆம் ஆண்டு, குளக்கரையில் பூங்கா அமைக்கும் யோசனை பிறந்தது. அதனை முன்வைத்தவர் மேற்குக் கரைச் சனசமூக நிலையத்தின் தலைவர் கதிர்காமநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் பெற்று வந்த குடும்பத்தவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். நகரத்துக் குப்பை குளத்தில் விழுவதையும், இடம்பெயர்ந்தோர் முகாம்களின் பிள்ளைகள் விளையாட இடமின்றி வீதியோரத்தில் நிற்பதையும் கண்டு பொறுக்க மாட்டாதவர். நிலத்துக்கு அனுமதி கிடைத்தது. உழைப்பைச் சங்கங்கள் தருவதென்று முடிவாயிற்று. சனசமூக நிலையம், செல்வநாயகம் தலைமை தாங்கிய விளையாட்டுக் கழகம், கிழக்குக் கரை மாதர் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. மரக்கன்றுகளை மாடு மேயாதிருக்க வேலி வேண்டும். அவரவர் பக்கத்து வேலியை அவரவர் சங்கமே அடைப்பதென்று ஏற்பாடு.

வரைபடத்தைப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பெருவீதியை நோக்கிய மேற்குப் பக்கத்தில் மட்டுமே திறந்து மூடும் வேலிக்கதவான படலை இருந்தது. கிழக்குக் கரையினர் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆசுபத்திரிக்கும் நெடுங்காலமாகப் பூங்கா அமையும் அந்தக் கரை வழியேதான் போய்வந்தார்கள். வேலி எழுந்தால் குளத்தின் மிகைநீர் வான் பாயும் பக்கமாகச் சுற்ற வேண்டும். மாரியில் அங்கே முழங்கால் அளவு வெள்ளம்.

"எங்க பக்கமும் ஒரு படலை வேணும் ஐயா," என்று பேச்சியம்மா கூட்டத்தில் எழுந்து கேட்டார்.

"ரெண்டு படலை வைச்சால் ரெண்டாலையும் மாடு வரும். ஆர் காவல் நிக்கிறது?" என்றார் கதிர்காமநாதன். சற்று யோசித்துவிட்டு, "உங்கட வேலியிலை ஒரு பொட்டு விடுங்கோ. போய்வரக் காணும்தானே?"

அயல் வீடுகளுக்கு இடையே வேலியில் விடும் சிறு சந்துக்குப் பொட்டு என்று பெயர். குனிந்துதான் நுழைய வேண்டும்.

"பொட்டுக்குள்ள கோழி போகும், நாய் போகும். பூங்காவுக்கு மண் சுமந்தவங்களும் அப்படித்தான் போகணுமா?" என்றார் பேச்சியம்மா.

"ஐயாட மருமகன் வந்தால் பொட்டாலையோ கூப்பிடுறனீங்கள்?" என்று பின்வரிசையிலிருந்து ராஜினியின் குரல் வந்தது. பேச்சியம்மாவின் அயல்வீட்டுக்காரி, வாயை மூடத் தெரியாதவள். சிலர் சிரித்தார்கள். ஆயினும் கைகள் உயர்ந்தபோது பொட்டே தீர்மானமாயிற்று.

திரும்பும் வழியில் ராஜினி கொதித்தாள். "இந்தக் குழுவை விட்டு விலகுவம் பேச்சியக்கா."

"விலகினா வேலி அவங்களோடதா ஆயிடும். அடைப்போம். பொட்டுத்தானே விடச் சொன்னாங்க, விடுவோம். மிச்சத்தை நல்லா இறுக்கி அடைப்போம்."

ஐப்பசி மழையோடு வேலை தொடங்கியது. வீட்டுக்கு வீடு தத்தம் வேலிகளிலிருந்து நட்டால் துளிர்க்கும் கிளுவைக் கதியால் கிளைகளை வெட்டிக் கொடுத்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று அவற்றை நட்டு, குறுக்கு வரிச்சுப் போட்டுக் கட்டினார்கள். கார்த்திகையில் கதியால்கள் துளிர்த்துவிட்டன. மூன்று சங்கங்களின் வேலிகளிலும் அதுவே நேரானது என்பதை விளையாட்டுக் கழகத்து இளைஞர்களே ஒப்புக்கொண்டார்கள். அதன் நடுவே, தீர்மானத்தின்படி, இடுப்பளவே உயரமான ஒரு பொட்டு.

குழுக் கூட்டம் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு சங்கத்தின் முறை. கிழக்கில் கட்டடம் இல்லையென்று மாதர் சங்கத்தின் முறையும் மேற்கிலேயே நடந்து வந்தது. இம்முறை தங்கள் மாதம் வந்தபோது பேச்சியம்மா, பாலர் பாடசாலைக் கொட்டிலில் கூட்டம் என்று சொல்லியனுப்பினார். பூங்கா வழியே வந்த குழுவினர் வேலியருகே தயங்கி நின்றார்கள். அப்பால் பெண்கள் காத்திருந்தார்கள்.

உடம்பு பெருத்த செல்வநாயகம் முதலில் துணிந்தார். பாதி வந்ததும் நின்றுவிட்டார்.

"தலை வந்திட்டுது, மிச்சம் வருகுதில்லை."

"இழுக்கவோ, தள்ளவோ அண்ணை?" என்றாள் ராஜினி.

"சிரிச்சுக்கொண்டு நில்லாமல் ஏதாவது செய் பிள்ளை!"

சட்டை கிழிந்தபடி அவர் வெளிப்பட்டபோது அவரே உரக்கச் சிரித்தார். கதிர்காமநாதன் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளை வேட்டியோடு மறுபுறம் நின்று பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஷ்டம்னா நீங்க அங்கேயே இருங்க ஐயா. உக்கார ஒரு கதிரை அனுப்புறோம். நாங்க குனிஞ்சு வர்றோம், எங்களுக்குப் பழக்கம்தானே," என்றார் பேச்சியம்மா.

"வேண்டாம்," என்றார் அவர். வேட்டியை மடித்துக் கட்டினார். நிலத்தில் கையூன்றிக் குனிந்து வந்தார். நிமிர்ந்தபோது உள்ளங்கை முழுவதும் சேறு. அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எதிரில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"படலைக்கு எத்தனை அடி அகலம் வேணும் பேச்சியம்மா?"

"இடுப்பில குடத்தோட ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில போகணும் ஐயா. சாத்துற பொறுப்பு எங்களோடது. வீட்டுக்கு வீடு முறை வச்சிட்டோம்."

"கேக்க முன்னமே முறை வைச்சாச்சோ?"

"கேட்டுட்டோமே ஐயா. அன்னைக்குக் கூட்டத்திலேயே."

இம்முறை கதிர்காமநாதனும் சிரித்தார். அன்றைய கூட்டத்தின் முதல் தீர்மானமாகக் கிழக்குப் படலையைப் பிரேரித்தவர் அவரே. படலைத் தூணுக்குத் தம் வளவில் கிடந்த பாலைமரக் குற்றிகளையும் அனுப்பி வைத்தார். பெண்கள் தூண் நட்டு, பொட்டு இருந்த இடத்திலேயே படலையைக் கொளுவினார்கள். அது மேற்குப் படலையைவிட அகலமாக அமைந்துவிட்டது. அதை எவரும் குறையாகச் சொல்லவில்லை.

தைமாதத் திறப்பு விழா மேற்கு வாசலில் ஏற்பாடாகியிருந்தது. விருந்தினர் வரத் தாமதமாயிற்று. கிழக்குக் கரையினர் தோய்த்துலர்ந்த சேலைகளோடும் பிள்ளைகளோடும் தங்கள் படலையைத் திறந்தார்கள். பேச்சியம்மா முன்னே நடந்தார். பக்கத்தில் ராஜினி.

"அக்கா, நாடா வெட்ட முதல் உள்ளுக்கு வந்திட்டம். பிழையில்லையோ?"

"நம்ம படலையில யாரும் நாடா கட்டலயே," என்றார் பேச்சியம்மா. தலையை நிமிர்த்தியபடி, நடையை நிறுத்தாமல் குளக்கரையை நோக்கிச் சென்றார்.