பெரியப்பா கிள்ளிப் பார்த்த நாற்றுகள்

வெயிலில் சூடேறிய புதுப் பிளாஸ்டிக் தாளின் வாடையும், அதற்குள்ளேயே அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிட்ட புகையும், பெரியப்பாவின் வாயிலிருந்து கிளம்பிய புகையிலை நெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறிய அந்த மாசிக் காலையை நினைத்தால் எனக்கு முதலில் தும்மல் வருகிறது, அடுத்துச் சிரிப்பு வருகிறது. மரியாதை மட்டும் இதுவரை வந்ததில்லை.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பூதப்பாண்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல்கள் சும்மா கிடக்கும் மாசி, பங்குனியில் சுற்றுவட்டாரத்தில் பலரும் தக்காளி, மிளகாய், கத்தரி நடுவார்கள். அதற்கான நாற்றுகளை வீட்டுக்குப் பின்னால் ஓலைப் பந்தலுக்குக் கீழே அம்மா வளர்த்துக் கொடுப்பாள். கேட்டு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடினார்கள். ஆனால் கோடைமழை ஒன்று ஓங்கி அடித்தால் பாத்தியே கரைந்து போகும். ஆகவே அந்த ஆண்டு அப்பாவும் அம்மாவும் துணிந்து, இரும்புக் குழாய்களை வளைத்து நட்டு, மேலே பிளாஸ்டிக் தாளும் பக்கங்களில் வலையும் கட்டி, முற்றத்தை ஒட்டி ஒரு பசுமைக்குடில் போட்டார்கள். உள்ளே தென்னைநார்த் தூள் நிரப்பிய குழித்தட்டுகள் வரிசை வரிசையாக அமர்ந்தன, விதைகள் முளைத்தும் விட்டன. ஊர்க்காரர்கள் அதற்கு ‘கண்ணாடிக் கொட்டகை’ என்று பேர் வைத்தார்கள், அதில் கண்ணாடி ஒரு துண்டு கூட இல்லாவிட்டாலும்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன், பக்கத்து வீடு. மூத்தவராகப் பிறந்ததைத் தவிர அவர் வேறெந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை. குடிலைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

“ஏலே, நாலு பக்கமும் அடைச்சு, கூரையும் வாசலும் வச்சா அது வீடாக்கும். பால் காய்ச்சாம நாத்து விக்கப்பிடாது, கேட்டியா?”

அப்பா கேட்டார். அண்ணன் சொல்லி அப்பா எதைத்தான் கேட்காமல் இருந்தார்? நல்ல நேரம் பார்த்து, சொந்தபந்தங்களை அழைத்து, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மூன்று செங்கலை வைத்துத் தீ மூட்டினார்கள். புகை வெளியேற வழியில்லாமல் சுழன்றது. கூரைத்தாள் வியர்த்து, வந்தவர்களின் தலையிலெல்லாம் சொட்டியது. இருமிக்கொண்டே பெரியப்பா, “பாத்தியளா, கங்கையே எறங்குகா!” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் ஆமாம் என்றார்கள். படித்தவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன், வெளியே ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

பால் குடித்த கூட்டம் வரிசைகளுக்கு இடையே நடந்தது. தட்டைத் தூக்கிப் பார்ப்பதும் இலையைத் தடவுவதும் குறை சொல்வதுமாக, பெண் பார்க்க வந்தவர்களைப் போல நடந்தது. அதில் பெரியப்பாவின் முறை தனி. இடுப்பு மடியிலிருந்து ‘பொயில’யை எடுத்துக் கட்டைவிரலால் கசக்கி வாயில் அதக்கிக்கொண்டு, அதே விரலால் தக்காளி நாற்றின் கொழுந்தைக் கிள்ளுவார். கிள்ளிய வாசனையை மோந்து பார்த்தால் நாற்றின் உயிர் தெரியுமாம். அன்றோடு விட்டிருந்தால் போகட்டும். அதன் பிறகு தினமும் வந்தார். வாசலை ஒட்டிய வரிசைகளில் கிள்ளிக்கொண்டே நடப்பார். பின்பக்கம் வெக்கை அதிகம், அவருடைய தொப்பைக்கு ஒத்துவராது. பாதி தூரம் போனதும் திரும்பிவிடுவார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி, புருஷனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. அவரும் அம்மாவிடம் பேச மாட்டார். வலைக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கும்போதே, “ஏலே, உன் பெண்டாட்டிக்கிட்ட சொல்லு, தண்ணி கூடிப்போச்சு” என்று அப்பாவிடம் சொல்வார். இருந்த இடத்திலேயே இருவருக்கும் நடுவில் அப்பா தபால்காரராக நிற்பார். இந்தக் கூத்தை அவர்கள் மரியாதை என்று சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் போகும் முன் காலையில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பெண்களுக்கு ‘தூரம்’ வரும் மூன்று நாளும் செடி கொடி இருக்கும் பக்கமே போகக் கூடாது, போனால் பட்டுப்போகும் என்பது வீட்டுச் சட்டம். அம்மா ஒரு சட்டமும் பேசவில்லை. அந்த நாட்களிலும் அவள் என்னிடம் கேட்டது, “தண்ணி ஊத்தியாச்சா மக்களே?” என்பது மட்டும்தான். ஊற்றினேன்.

பங்குனி பிறந்ததும் இலைகளில் தேமல் விழுந்தது. பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக, நுனி சுருங்கி, நூல் போல ஒடுங்கி நாற்றுகள் நின்றன. நாற்றுக்குச் சொல்லி வைத்தவர்கள் வரத் தொடங்கும் நேரம் அது. முற்றத்தில் பெரியப்பாவும் அவருக்குத் தலையாட்டும் சில ஆண்களும் கூடினார்கள்.

“தூரம் பாக்காம இந்தப் பெட்டப்பிள்ள உள்ள நொழஞ்சிருக்கா. இல்லேன்னா எப்படிப் பட்டுப்போவும்? பள்ளிக்கூடத்துக்கு விட்டதுல வந்த வெனையாக்கும். ஏலே, இந்தப் பரிச்சையோட நிறுத்து. போதும் படிச்சது.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பிளஸ் ஒன் எனக்கு இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிற பெண் எங்காவது நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அதுவும் மூன்று நாள் லீவு விட்டு ஊற்றிக்கொண்டு இருந்திருப்பாள்.

புகையிலைத் தேமல் வைரஸ் என்று அறிவியல் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. எல்லோரையும் போல நானும் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவள்தான். அது புகையிலை தொட்ட கையிலும் ஒட்டிக்கொண்டு வரும், தக்காளிக்கும் தொற்றும் என்று டீச்சர் சொன்னதை அந்த நிமிஷம் வரை நான் எங்கள் குடிலோடு சேர்த்து யோசிக்கவில்லை. வாசல் பக்கத்துத் தட்டுகளையும் பெரியப்பாவின் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு குடிலுக்குள் போய், பின்வரிசைத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தின் நடுவில் வைத்தேன். நாற்றுகள் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றன.

“பெரியப்பா, தூரமா இருந்த மூணு நாளும் நான் இதுக்கும்தான் தண்ணி ஊத்துனேன். எல்லா வரிசைக்கும் ஊத்துனேன். இதுல ஒரு புள்ளி உண்டுமா, பாருங்கோ. நான் தொட்டது எல்லாத்தையும். நீங்க கிள்ளுனது முன்னால உள்ளதை மட்டும். உங்க பொயிலக் கைதான் இதுக்குக் காரணம்.”

ஒரு பெண் அந்த நாட்களைப் பற்றி ஆண்களின் நடுவில் வாய்விட்டுச் சொன்னதில் அவர்களுக்கு நாற்றே மறந்துபோனது. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார், சத்தியமாகப் பொத்தினார். பெரியப்பா நாற்றைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“வெக்கங்கெட்டதே! ஏலே, கேட்டியா உன் மவ பேச்ச?”

அப்போதுதான் குடிலுக்குள் நின்ற அம்மா வலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை, நேராகப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அத்தான், அவ சொன்னது சரிதான். நான்தான் ஊத்தச் சொன்னேன். இனிமே நீங்க பொயில போட்ட கையோட இதுக்குள்ள வரப்பிடாது. அவ பள்ளிக்கூடத்துக்குப் போவா. ரெண்டும் சொல்லிட்டேன்.”

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவரிடம் அம்மா பேசிய முதல் பேச்சு அது. பதில் சொல்ல வேண்டுமானால் அவரும் அவளிடம் நேராகப் பேச வேண்டும். அதற்கு அவருக்கு வழக்கம் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தலையாட்டிகளும் பின்னால் போனார்கள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், நோய் விழுந்த நாற்றுகளைப் புதைக்கக் குழி வெட்ட ஆரம்பித்தார். பின்வரிசை நாற்றுகள் எல்லாம் அந்தப் பங்குனியிலேயே விலை போயின. பள்ளிக்கூடம் திறந்ததும் நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன்.

இப்போது நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் அதே பாடத்தை நடத்துகிறேன். அந்தப் பழைய குடில் ஆடிக்காற்றில் கிழிந்து என்றோ போய்விட்டது. அதே இடத்தில் அம்மா இரண்டு குடில் போட்டிருக்கிறாள். முற்றத்தில் கூடித் தீர்ப்புச் சொல்லும் ஆண்களும் இல்லை, ‘தூரம்’ என்று யாரும் வாயெடுப்பதும் இல்லை. பெரியப்பாவின் மருமகள் அம்மாவிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறாள், மாதத்தின் எல்லா நாளும் வருகிறாள். எந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று அவர் அவளைக் கேட்பதே இல்லை. அவருக்கு அறிவு வந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அவள் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. போன பங்குனியில் ஒருநாள் அவள் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்திருந்தாளாம். பெரியப்பாதான் அவளை எழுப்பி, “நாத்து வாடிப்போவும் மக்களே, போயிட்டு வந்திரு” என்று அனுப்பி வைத்தாராம்.