ஸ்டெல்லாக்காவும் வயசுக் கணக்கும்

வாக்கியக் கணக்கு சொல்லிக் கொடுப்பவர்களுக்குத் தெரியும்: கணக்கு யாருக்கும் கஷ்டமில்லை, அதில் வரும் கதைதான் கஷ்டம். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கத்து ஹாலில், ஞாயிறு பூசை முடிந்ததும், பத்தாவதை பிரைவேட்டாக எழுதும் பெரியவர்களுக்கு நான் கணக்கு எடுக்கிறேன். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். அதட்டவும் முடியாது, விடவும் முடியாது. என்னைப் போலப் பாடம் எடுத்தே தொண்டை வறண்டவர்களே, நீங்களே கேளுங்கள்.

படகும் நீரோட்டமும்

படகின் வேகம் எட்டு கிலோமீட்டர், நீரோட்டத்தின் வேகம் இரண்டு. எதிர்த்திசையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போக எத்தனை மணி நேரம்? எட்டில் இரண்டைக் கழித்து வகுத்தால் தீர்ந்தது. கத்திவாக்கம் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் தேசிங்கு அண்ணன் பேனாவை மூடிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் நீ, தண்ணி திரும்பற வரிக்கும் கரையில குந்திகினு இருந்தா அதுவே இட்டுகினு பூடும், எவனாவது எதுத்துகினு போவானா?"

எக்ஸ் என்க

ஸ்டெல்லாக்கா மீன் விற்பவர். ஹார்பரில் வேலையில் இருக்கும்போதே வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அதற்காக அக்காவுக்கு ஒரு வேலை தருகிறார்கள், ஆனால் பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும். கணக்கில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் வேலையும் போச்சு.

ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு ஐந்தைக் கூட்டினால் இருபத்தாறு, அந்த எண் எது? 'விடையை எக்ஸ் என்க' என்று நான் எழுதியதும் அக்கா நோட்டை மூடிவிட்டார். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது பொய்யாம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டி வருமாம். அட ஆண்டவரே! "கூறு போட்டு விக்கும்போது எத்தனை மீனுன்னா சொல்றீங்க? ஒரு கூறுன்னுதானே?" என்றேன். மூடிய நோட்டை மறுபடி திறந்தார்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா டீச்சர், மூணு கூறும் அஞ்சு மீனும் சேந்து இருவத்தாறுன்னா ஒரு கூறுக்கு ஏழு, அவ்ளோதான!"

அஞ்சு வருஷம் கழித்து

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு. கணவன், மனைவி வயதைக் கூட்டினால் எண்பத்து மூன்று, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு? தொண்ணூற்று மூன்று என்று தேசிங்கு அண்ணனே போட்டுவிட்டார். ஸ்டெல்லாக்கா எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தார். "ஆள் ரெண்டு பேர், அஞ்சு மட்டும் ஒண்ணா? எத்தனை தடவைக்கா சொல்றது?" என்று கத்திவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது. அக்கா கோபப்படவில்லை. நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவுருக்கு எப்பிடி டீச்சர் கூட்டறது, அவுரு நாப்பத்தி மூணுலயே நின்னுட்டாரே."

ரிசல்ட்

அதற்கப்புறம் வயசுக் கணக்கையே நான் தொடவில்லை. பாழாய்ப் போன பரீட்சையில் அதுதான் வந்தது, அதே கணவன் மனைவி, அதே 'ஐந்து ஆண்டுகளுக்குப் பின்'. அதை எப்படிப் போட்டார் என்று ரிசல்ட் வரும்வரை நான் அக்காவிடம் கேட்கவில்லை.

கணக்கில் முப்பத்தெட்டு. பாஸ்! மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸில் நேராக என் வீட்டுக்கு வந்தார். அந்தக் கணக்கை என்னக்கா பண்ணீங்க என்று மெதுவாகக் கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவுருக்கும் அஞ்சு கூட்டிட்டேன் டீச்சர், பேப்பர்லயாவது கொஞ்ச நாளு என்கூட இருந்துட்டுப் போட்டுமே."

முப்பத்தெட்டு மார்க்குக்குத் தேம்பித் தேம்பி அழுத கணக்கு டீச்சர் வடசென்னையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.