கூலர் மூலை

மலர்கொடியின் கணவர் சிவசங்கர் மைன்ஸில் எலக்ட்ரீசியன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஏர்கூலரைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தூங்குவார். அவர் எழும்வரை வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது.

அவள் வளர்க்கும் கடுவன் பூனை கறுப்பனுக்கோ அந்தக் கூலர் மூலைதான் பிடித்திருந்தது. வாலைத் தூக்கிச் சுவரில் மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போய்விடும். "இன்னொரு தடவை நாறுச்சுன்னா குள்ளஞ்சாவடி சந்தையில வுட்டுட்டு வந்துடுவேன்" என்று அவர் சொன்னதிலிருந்து அவள் தினமும் அவர் வருவதற்குள் தண்ணீர் ஊற்றி, ஃபினாயில் போட்டுத் தேய்த்தாள். அந்தச் சனியன் ஃபினாயில் வாசத்தின் மேலேயே மறுபடி பீய்ச்சியது.

அன்று அவர் தூங்கிய பிறகும் நாற்றம் போகவில்லை. ஈரத்துணியோடு கூலருக்குப் பின்னால் குனிந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூனை கடித்த வயரில் செம்புக் கம்பி தெரிந்தது. கீழே அவள் காலையில் ஊற்றிய தண்ணீர். எட்டிச் சுவிட்சை அணைத்தாள்.

காற்று நின்றதும் சிவசங்கர் விழித்துக்கொண்டார். "என்ன மலரு, கரண்ட் போயிடுச்சா?"

அவள் வயரைக் காட்டினாள். அதில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"மறுபடியும் கடிச்சிடுச்சா? சொன்னா நீ பயப்படுவேன்னுதான் நானே டேப் சுத்தி வச்சேன்."

"நாறுச்சுன்னா பூனைய வுட்டுடுவீங்கன்னு, நான் தெனம் இந்த வயரு மேலதாங்க தண்ணி ஊத்திக்கினு இருந்தேன்!"

கட்டிலிலிருந்து இறங்கப்போன சிவசங்கர் காலை மேலே இழுத்துக்கொண்டார்.